கத்தி ஆடினால் கன்று வாடும்! மடக்குக் கத்தியின் 'லூஸ்' போக்கும் பக்குவம்

மடக்குக் கத்தி ஒன்றை விரித்து, கைப்பிடியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மறு கையால் அலகின் முதுகுப் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். துளியும் அசையவில்லையா? நல்ல கத்தி. 'டிக்... டிக்...' என்று ஆடுகிறதா? தேங்காய்க் கயிறு அறுக்கவும் மாங்காய் நறுக்கவும் அது போதும். ஆனால், மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்ட அது உதவாது.

தேனி மாவட்டத்தில் மாம்பழத்துக்குப் பேர்போன ஊர் பெரியகுளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பதும் அங்கேதான். ஊர்தோறும் பார்க்கிற பி.கே.எம். முருங்கையின் பெயரில் ஒளிந்திருப்பது 'பெரியகுளம்' என்ற ஊர்ப் பெயரே. இப்படிப்பட்ட ஊரில் ஒட்டுக் கட்டும் கைகளுக்கு மதிப்பு அதிகம். அந்தக் கைகளின் திறமை பாதி என்றால், மீதி அவர்கள் இடுப்பில் செருகியிருக்கும் மடக்குக் கத்தியில் இருக்கிறது.

ஒரே இழுப்பு... ஒரே வெட்டு!

மாங்கொட்டையிலிருந்து முளைத்த கன்றின் தலையைச் சீவி, தண்டின் நடுவே கீழ்நோக்கிப் பிளக்கிறார்கள். நல்ல ரக மரத்திலிருந்து எடுத்த குச்சியின் அடியை இரு பக்கமும் ஆப்பு போலச் சீவி, அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பார்க்க எளிதான வேலைதான். ஆனால், ஒட்டு பிடிப்பதும் பிடிக்காததும் அந்த ஆப்பின் முகத்தில் இருக்கிறது.

மரப்பட்டைக்குச் சற்று உள்ளே, கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய வளர்திசு ஒன்று உண்டு. கன்றின் வளர்திசுவும் குச்சியின் வளர்திசுவும் ஒன்றோடொன்று உரசி நின்றால்தான் இரண்டும் சேர்ந்து ஒரே மரமாகும். இதற்கு வெட்டு முகம் கண்ணாடி போல மட்டமாக இருக்க வேண்டும். ஒட்டுக் கத்தியின் அலகை ஒரு பக்கம் மட்டும் சாணை பிடிப்பதும் இதற்காகத்தான். தட்டையான மறுபக்கம் மரத்தில் படிந்தபடி வழுக்கிக்கொண்டு போகும்.

அலகு ஆடினால் என்ன ஆகும்? பாதி வெட்டில் கத்தி சாயும். வெட்டு முகத்தில் மேடு பள்ளம் விழும். செருகிக் கட்டியபின் நடுவில் இடைவெளி நிற்கும். குச்சி காய்ந்துபோகும் அல்லது நீர் இறங்கி அழுகும். 'சரியில்லை' என்று இரண்டாவது முறை, மூன்றாவது முறை சீவினாலும் ஆபத்துதான். குச்சி குட்டையாகிறது, வெட்டிய முகம் காற்றில் உலர்கிறது. போதாததற்கு, குச்சிக்குப் பின்னால் பெருவிரலை வைத்துத்தான் சீவுவார்கள். சாய்ந்த கத்தி முதலில் தேடுவது அந்த விரலைத்தான்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

மடக்குக் கத்தியில் இருப்பவை கொஞ்சம்தான். அலகு, அதன் இருபுறமும் பக்கத் தகடுகள், அலகின் அடியை அழுத்திப் பிடிக்கும் முதுகு ஸ்பிரிங், எல்லாவற்றையும் ஊடுருவி நிற்கும் ஓர் அச்சாணி. பழைய கத்திகளில் இது ரிவிட். புதியவற்றில் திருகாணி.

ஆடுகிறது என்றதும் சுத்தியலைத் தேட வேண்டாம். முதலில் சுத்தம். மாம்பாலும் வாழைச்சாறும் மண்ணும் சேர்ந்து அச்சாணியைச் சுற்றிப் பிசினாகி இருக்கும். சிறிது மண்ணெண்ணெய் விட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவையுங்கள். அதன்பிறகு அசைத்துப் பார்த்தால்தான் உண்மையான ஆட்டம் தெரியும்.

ஆட்டம் இரண்டு வகை. இடமும் வலமுமாக ஆடினால், பக்கத் தகடுகள் விலகியிருக்கின்றன அல்லது ரிவிட்டின் பிடி தளர்ந்திருக்கிறது. இது வீட்டிலேயே சரியாகும். மேலும் கீழுமாக ஆடினால், அச்சாணி தேய்ந்திருக்கலாம், அலகின் துளை நீள்வட்டமாகியிருக்கலாம் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். இதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. ரிவிட்டை எடுத்துவிட்டுப் புதிய அச்சாணியோ ஸ்பிரிங்கோ போடத் தெரிந்த பட்டறைக்காரர் கையில் கொடுப்பதே நல்லது.

ரிவிட் கத்தி என்றால்...

* கத்தியை மடக்கி, கூர் வெளியே வராதபடி டேப் சுற்றுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.
* ரிவிட்டின் ஒரு தலை மட்டும் கனமான இரும்பின்மேல் படியுமாறு வையுங்கள். பட்டறைக்கல் இல்லாவிட்டால் தடித்த இரும்புத் துண்டு போதும். கைப்பிடி இரும்பில் படக் கூடாது. மரமோ பிளாஸ்டிக்கோ அதிர்ச்சியில் விரிந்துவிடும்.
* குளிர்பான கேனில் மெல்லிய பட்டை ஒன்று வெட்டி, அதன் முனையில் 'ப' வடிவில் பிளவு போடுங்கள். அலகுக்கும் பக்கத் தகடுக்கும் இடையே அது நுழைந்தால், அச்சாணியைக் கவ்வுமாறு செருகுங்கள். அளவுக்கு மேல் இறுகாமல் அது காக்கும்.
* சிறிய சுத்தியலின் உருண்டை முனையால் ரிவிட் தலையை மெல்லத் தட்டுங்கள். நடுவில் மட்டும் அல்ல, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி. தலை சற்றே பரவிப் பிடித்துக்கொள்ளும்.
* இரண்டு மூன்று தட்டு தட்டியதும் நிறுத்துங்கள். பட்டையை உருவி, டேப்பைப் பிரித்து, கத்தியை விரித்து ஆட்டம் பாருங்கள். தேவையென்றால் மறுபக்கத் தலைக்கும் இதே வேலை.

சில கத்திகளில் ரிவிட் தலை தெரியாது. கைப்பிடி முனையிலுள்ள உலோகப் பூணோடு சேர்த்து மட்டமாக அரம் போட்டிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வட்டம் தென்படும். அந்த வட்டத்தில்தான் தட்ட வேண்டும்.

இங்கே பலரும் செய்கிற தவறு, ஓங்கி ஓர் அடி அடிப்பது. இறுக்குவது எளிது, இறுகியதைத் தளர்த்துவது பெரும்பாடு. கொஞ்சம் இறுகிவிட்டால் பதற வேண்டாம். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஐம்பது முறை விரித்து மடக்கினால் வழிக்கு வரும். ரிவிட்டைச் சூடுபடுத்தி அடிக்கும் யோசனை மட்டும் கூடவே கூடாது. அலகில் சூடு ஏறினால் இரும்பின் பதம் போய்விடும். அப்புறம் எத்தனை சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

திருகாணி என்றால்...

வேலை இன்னும் எளிது. பொருத்தமான திருப்புளியால் கடிகார முள் போகும் திசையில் எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்புங்கள். விரித்து மடக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னோர் எட்டில் ஒரு சுற்று. அடிக்கடி தானாகக் கழன்றால், திருகின் புரியில் மட்டும் ஊசிமுனை அளவு திருகுப் பசை வைக்கலாம். அச்சில் அது வழிந்தால் கத்தி விரியாது. எவ்வளவு இறுக்கினாலும் ஆடுகிறதா? உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். அதை மாற்ற வேண்டும்.

ஆட்டம் போனபின் அச்சில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாளடைவில் பிசுக்குப் பிடித்து மண்ணை இழுத்துவைக்கும்.

திராட்சைத் தோட்டத்துக்கும் இதே பாடம்

பெரியகுளத்திலிருந்து தெற்கே கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனால், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையின் பந்தல்கள். அங்கே கவாத்துக் கத்தரிதான் ராஜா. அதற்கும் நடுவில் ஓர் அச்சாணி உண்டு. அது தளர்ந்தால் இரு அலகுகளும் விலகி, கொடியை வெட்டாமல் நசுக்கும். நசுங்கிய இடம் நோய்க்குத் திறந்த வாசல். நடு நட்டைச் சிறிது முறுக்கி, அலகுகள் உரசியும் உரசாமலும் திறந்து மூடும்படி வைப்பது கவாத்து நாளின் முதல் வேலையாக இருக்கட்டும்.

எப்போது விடைகொடுப்பது?

விரித்த கத்தி பூட்டிக்கொள்ளும் வசதி எல்லாக் கத்திகளிலும் இல்லை. பிரான்சின் ஒப்பினெல் கத்தி 1890-ல் வந்தது. அதற்கே அலகைப் பூட்டும் வளையம் 1955-ல்தான் சேர்ந்தது. நம் ஊர் ஒட்டுக் கத்திகள் பலவற்றில் அலகை நிறுத்திப் பிடிப்பது ஸ்பிரிங் மட்டுமே. அந்த ஸ்பிரிங் தளர்ந்து, அலகு தானாக மடங்கப் பார்க்கிறதா? அடியில் விரிசல் தெரிகிறதா? அந்தக் கத்தியை வேலைக்கு எடுக்காதீர்கள். புதுக் கத்தி வாங்கிவிடலாம், விரலை வாங்க முடியாது.

மற்றபடி, ஆடுகிறது என்பதற்காக ஒரு நல்ல கத்தியைப் பரண்மேல் போட வேண்டியதில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய், சில மெல்லிய தட்டுகள், ஒரு சொட்டு எண்ணெய், கால் மணி நேரம்... அவ்வளவுதான். ஒட்டுக் கட்டிய மாங்கன்று மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கி, தலைமுறை தாண்டியும் நிற்கும். அந்த மரத்தின் முதல் நாள், ஆடாத ஓர் அலகின் ஒரே இழுப்பில் தொடங்குகிறது.