அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி – 7: மூக்குக் குழாய்

வாய்ப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் அப்பத்தாவுக்குக் கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். சீட்டில் என்னவோ கதிரியக்கச் சிகிச்சை என்றுதான் எழுதியிருந்தது. வரிசையில் உட்கார்ந்திருந்த யாரும் அப்படிச் சொல்லவில்லை. “உங்களுக்கு எத்தனை கரண்டு?” “இருபத்தஞ்சு, பதினொண்ணு முடிஞ்சிருச்சு.” அங்கே இதுதான் பேச்சு. அப்பத்தாவுக்கு 30. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று என்று ஆறு வாரம். காப்பீட்டு அட்டை சிகிச்சையைப் பார்த்துக்கொண்டது. மதுரையில் எடுத்த ஒற்றை அறைக்கு வாடகை, ஆட்டோ, இளநீர் எல்லாம் எங்கள் கணக்கு.

முதல் நாள் மாஸ்க் மட்டும் செய்தார்கள். சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தகடு. வெந்நீரில் போட்டதும் அப்பள மாவாய் இளகிவிடுகிறது. முகத்தில் பரத்திக் கழுத்துவரை இழுத்துப் பிடித்தால் சில நிமிடங்களில் அதே வடிவில் இறுகிப்போகும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டிவிடுவார்கள். தலை இம்மி நகரக் கூடாது. கதிர் விழ வேண்டிய இடத்துக்கான குறியும் அதன் மேல்தான். வெளியே வந்த அப்பத்தா குழறிக் குழறிச் சொன்னாள்: “மண்பொம்மைக்கு அச்சு எடுக்குற மாதிரியில்ல எடுத்தானுக!” மானாமதுரைக்காரி. சூளைப் புகையில் வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. மூன்றாவது வாரம் வாய் முழுக்கப் புண். எச்சில் வற்றிவிட்டது. உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தாலும் “மண்ணு” என்று தள்ளிவிடுவாள். திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். 44 கிலோவில் தொடங்கியவள் 39-க்கு வந்துவிட்டாள். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர்.

அன்று எங்கள் வீட்டில் நடந்த சண்டை சொத்துத் தகராறில்கூட நடந்ததில்லை. குழாய் போட்டால் அவ்வளவுதான் என்று எங்கள் பக்கத்தில் ஓர் எண்ணம். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பரமக்குடி அத்தை, “எங்கம்மாவ இழுத்துப் பறிக்க விடப்போறீகளா?” என்று அழுதாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நடுவில் கரண்டை நிறுத்தினால் மிச்சமிருக்கிற நோய் தலைதூக்க வழி கிடைக்கும், நிறுத்தாமல் கொண்டுபோக உடம்பில் தெம்பு வேண்டும், குழாய் அதற்குத்தான், புண் ஆறினால் எடுத்துவிடலாம். அப்பா கையெழுத்துப் போட்டார். யாரோடும் பேசாமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

கஞ்சி ஊற்றும் முறையை நர்ஸ் சொல்லிக் கொடுத்தபோது பக்கத்தில் நின்றது அம்மா மட்டும். தலையை உயர்த்தி உட்கார வைக்க வேண்டும். மூக்கருகே குழாயில் இருக்கிற குறி நகர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வடிகட்டிய கஞ்சியைச் சிரிஞ்சில் விட்டு, அழுத்தாமல், தானாக இறங்க விட வேண்டும். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு வேளைக்கு 200 மில்லி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்பத்தாவுக்கு மகன்கள் மூன்று பேர். அவர்கள் வராந்தாவில் நின்று போன் பேசினார்கள். முப்பது வருஷமாக “குழம்புல உப்பு பத்தல” என்று அவள் குறை சொன்ன மருமகள்தான் அலாரம் வைத்து எழுந்தாள்.

பார்க்க வந்தவர்களைப் பற்றித் தனியாகவே ஓர் அத்தியாயம் எழுதலாம். நித்தியகல்யாணியை அரைத்துக் கொடுக்கச் சொன்னார் ஒருவர். அந்தச் செடியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள், உண்மைதான். அதற்காக இலையை அரைத்து ஊற்றினால் அது விஷம்.

சின்ன அப்பத்தா வந்த அன்று கட்டிலருகே உட்கார்ந்து, பேச்சுவாக்கில் சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தாள். அப்பத்தாவின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. நாற்பது வருஷம் அவள் வெற்றிலையும் புகையிலையும் அதக்கிய அதே இடது கொடுப்பில்தான் புண் வந்தது. அம்மா பையைப் பிடுங்கினாள்.

“நான் பொகையில போடுறதில்லத்தா. வெறும் வெத்தல பாக்குதான்.”

பாக்கு மட்டுமே போதும், புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இதைச் சொன்னதும் சின்ன அப்பத்தா என்னை முறைத்தாள். அப்பத்தா கையை நீட்டினாள். வெற்றிலை கேட்கிறாள் என்றுதான் நினைத்தோம். அவள் தங்கையின் தாடையைப் பிடித்து, வாயைத் திற என்று சைகை காட்டினாள். உள்ளே, அதே இடது பக்கம், வெள்ளையாக ஒரு திட்டு.

மறுநாள் ஓ.பி. சீட்டு இரண்டு வாங்கினோம்.

அடுத்த திங்கட்கிழமை அப்பத்தாவின் எடை 39.6. அந்த வாரக் கடைசியில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை மதியக் கஞ்சியை அப்பா ஊற்றினார். கை நடுங்கியது. 200 மில்லி இறங்க அரை மணி நேரம் ஆனது.

(தொடரும்)