நெல் பூக்கும் நேரம்

கத்திரி வந்துவிட்டால் வெயில் செய்தியில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் சேர்ந்து அடிபடும். சென்னையை மதியத்துக்கு மேல் கடற்காற்று காப்பாற்றிவிடுகிறது. உள்ளே தள்ளியிருக்கும் திருத்தணிக்கு அது வந்து சேரத் தாமதமாகும். சில நாள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பருவநிலை மாற்றம் என்றாலே பேச்சு உலகச் சராசரி வெப்பநிலையில் தொடங்கும். 2024-இல் அது தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல். இந்த எண் வயலில் என்ன செய்கிறது? திருத்தணி வட்டாரத்தில் சொர்ணவாரிப் பட்டத்து நெல், வெயில் முழுதாகத் தணியாத ஆனி மாத வாக்கில் கதிர் விடுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு உமி இரண்டாகப் பிளந்து, வெளிர்மஞ்சள் மகரந்தப் பைகள் ஆறு வெளியே தொங்கும். பொடி உதிர்ந்து சூல்முடியில் ஒட்ட வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். மறுநாள் அதே பூ திறக்காது. அந்த வேளையில் பூவின் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் பைகள் சரியாக வெடிப்பதில்லை, மகரந்தமும் முளைப்பதில்லை. அறுவடையில் அது பதராகத் தெரியும். நன்றாக விளைந்த பயிர்போல நிற்கும் வயலில் கருக்காய் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே காற்றின் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயலில் தண்ணீர் நின்று, காற்றும் வறண்டிருந்தால் பயிர் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கதிரின் சூடு காற்றின் சூட்டைவிடச் சில டிகிரி குறைந்துவிடும். புழுக்கத்தில் அது அவ்வளவாக நடக்காது. நம் உடம்பின் வியர்வைக்கும் இதே விதிதான். அதனால் திருத்தணியின் வறண்ட 40 டிகிரியைவிடக் கடலோரத்துப் புழுக்கமான 37 சில வேளை உடம்பைக் கூடுதலாக வாட்டும். வெப்பமானியை மட்டும் பார்த்து ஆபத்தை அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். ஈரப்பதத்தையும் சேர்த்து எச்சரித்தால்தான் அது முழுமையாகும்.

பகலைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் இரவைப் பற்றிப் பேசுவதில்லை. இரவு வெப்பம் கூடினால் பயிர் பகலில் சேர்த்த மாவுச்சத்தைச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களை வைத்து 2004-இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைவதாகக் கண்டது.

பூக்கும் நேரத்துச் சூட்டுக்கு மாற்று நெல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் நாட்டு நாகினா 22 ரகம் பூக்கும்போது சூட்டை ஓரளவு தாங்கும். காட்டு நெல் ஒன்று விடியற்காலையிலேயே பூத்துவிடும். அந்தக் குணத்தை ஐ.ஆர். 64 என்ற நெல் ரகத்துக்குள் கொண்டுவந்தபோது அது வழக்கத்தைவிட ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாகப் பூத்தது. வெயில் ஏறுவதற்குள் சூல் பிடித்துவிடும்.