புத்தகக்குறிகளும் அவற்றைப் பெயர்த்து வைத்தலும்

பொருளைத் தேடுவதினும் தேடிய பொருளைப் பேணுவது அரிது. செல்வத்திற்கு உரிய இவ்வுண்மை கல்விக்கும் பொருந்தும். மாணவி ஒருத்தி விண்மீன்களைப் பற்றி அறிய விரும்பி, ஈராண்டுக் காலம் மாலைதோறும் இணையத்தில் தேடி, நல்லன எனக் கண்ட முந்நூறு பக்கங்களைத் தன் கணினியில் குறித்து வைத்தாள் எனக் கொள்க. ஒரு நாள் அக்கணினி பழுதுற்றுச் செயலற்றுப் போயின், தந்தை வேறொரு கணினி வாங்கித் தரக்கூடும். ஆனால், ஈராண்டு உழைப்பை யார் வாங்கித் தர இயலும்? அவ்வுழைப்பைக் காக்கும் வழி மிக எளியது. எளிய அவ்வழியை அறியாமையாலேயே பலர் தம் தேட்டத்தை இழக்கின்றனர்.

படித்து நிறுத்திய இடத்தை மறவாதிருத்தற்பொருட்டு, மாணவர் மயிலிறகையோ வண்ணத்தாளையோ நூலின் இடையே வைப்பர். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்பது பெயர். மீண்டும் காண வேண்டிய பக்கத்திற்கு உலாவியில் இடப்படும் அடையாளமே புத்தகக்குறி ஆகும். புக்மார்க் என வழங்குவதும் இதுவே. பக்கத்தின் பெயரும் அதன் முகவரியும் ஒவ்வொரு குறியிலும் அடங்கும்; பெரும்பாலும் குறித்த நாளும் அடங்கும். குறிகள் பலவாகுமிடத்து, அவற்றை இனம் பிரித்துத் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்கலாம். ஈண்டு ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். புத்தகக்குறி என்பது பக்கம் அன்று. பக்கம் இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பே ஆகும். ஒருவர் வீட்டின் கதவு எண்ணை எழுதி வைத்தல் அவ்வீட்டையே பெற்றதாகாது அன்றோ?

இக்குறியின் வரலாறு சுருக்கமானது. ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர், 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கு வித்திட்டார். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய மொசைக் என்னும் உலாவியில், விரும்பிய முகவரிகளைத் தொகுத்து வைக்கும் பட்டியல் ஒன்று இருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த நெட்ஸ்கேப் உலாவி அதனைப் புத்தகக்குறி என்னும் பெயராலேயே வழங்கியது. 1995இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 'பிடித்தவை' என்று அதற்கு வேறு பெயர் சூட்டியது.

பெயர் மட்டுமன்றி, குறிகளைச் சேமிக்கும் முறையும் உலாவிதோறும் வேறுபட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு குறியையும் ஒரு சிறு கோப்பாக வைத்தது. குரோம் எல்லாக் குறிகளையும் ஒரே கோப்பில் எழுதுகிறது. ஃபயர்பாக்ஸ் 2008ஆம் ஆண்டு முதல் அவற்றைத் தரவுத்தளம் ஒன்றில் அடக்குகிறது. நாளைக் கணக்கிடுவதிலும் வேற்றுமை உண்டு. குரோம் தன் கோப்பில் 1601ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து எண்ணுகிறது. ஃபயர்பாக்ஸோ 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து எண்ணுகிறது. ஆகவே, ஓர் உலாவியின் கோப்பை அப்படியே எடுத்து மற்றோர் உலாவியில் இட்டால், அது பொருள் விளங்காது திகைக்கும். மொழி அறியாதான் கையில் கொடுத்த கடிதம் போல்வது அது.

வேற்றுமொழியாளர் இருவர் உரையாட ஒரு பொதுமொழி வேண்டும். உலாவிகளுக்கு அத்தகைய பொதுமொழியாய் அமைந்தது பழைய நெட்ஸ்கேப்பின் கோப்பு வடிவமே ஆகும். அது வலைப்பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். என்னும் முறையில் அமைந்த எளிய உரைக்கோப்பு. அதனை எந்த உலாவியிலும் திறந்து கண்ணாற் படிக்கலாம். நெட்ஸ்கேப் உலாவிக்கான ஆதரவு 2008ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளுடன் நின்றது. அதனை வென்ற இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 2022ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஓய்வு பெற்றது. எனினும், இன்று குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி ஆகிய உலாவிகள் ஏற்றுமதி செய்யும் கோப்பின் முதல் வரியில் நெட்ஸ்கேப்பின் பெயர் நின்று நிலவுகின்றது. மறைப்பின்றி எளிமையாக அமைந்தது, ஆக்கியோர் மறைந்த பின்னும் வாழும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இனி, பெயர்த்து வைக்கும் முறையைக் காண்போம். கணினியில் உள்ள உலாவியின் புத்தகக்குறி மேலாளரைத் திறந்து, ஏற்றுமதி என்னும் கட்டளையைத் தெரிவு செய்தல் வேண்டும். குறிகள் அனைத்தும் கோப்புறை வரிசை கெடாமல் ஒரே கோப்பில் இறங்கும். அக்கோப்பைப் பென் டிரைவில் எடுத்தோ, மின்னஞ்சலில் தமக்கே அனுப்பியோ மற்றொரு கணினிக்குக் கொண்டு செல்லலாம். அங்குள்ள உலாவியில் இறக்குமதிக் கட்டளையைத் தெரிவு செய்து அக்கோப்பைக் காட்டினால், குறிகள் யாவும் வந்து சேரும். பழைய உலாவியும் புதிய உலாவியும் ஒரே கணினியில் இருப்பின், பெரும்பாலும் கோப்பின் துணையின்றியே குறிகளை நேராக மாற்றிக்கொள்ள இயலும்.

இறக்குமதி வேறு, மீட்டமைத்தல் வேறு. இறக்குமதி, இருக்கும் குறிகளோடு புதியவற்றைச் சேர்க்கும். இருமுறை செய்தால் ஒரே குறி இரண்டாகத் தோன்றவும் கூடும். ஃபயர்பாக்ஸில் உள்ள மீட்டமைத்தல் என்னும் கட்டளையோ, இருக்கும் குறிகளை நீக்கிவிட்டுப் பழைய காப்புப்படியில் உள்ளவற்றை வைக்கும். இவ்வேறுபாட்டை உணராது கைவைப்போர், காக்கப் புகுந்து இழப்பர்.

தமிழில் அமைந்த பக்கப் பெயர்களும் இன்று எழுத்துச் சிதையாமல் செல்கின்றன. முன்னாளில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றின. 1991இல் வெளிவந்த யூனிகோடு முறை, தமிழுக்கும் தனி இடம் வகுத்தது. அம்முறை பரவிய பின், கணினி மாறினும் எழுத்து மாறாத நிலை வந்தெய்தியது.

ஒத்திசைவு என்னும் மற்றொரு முறையும் உண்டு. பயனர் ஒரு கணக்கில் நுழைந்திருந்தால், ஒரு கணினியில் இட்ட குறி அவருடைய கைப்பேசியிலும் பிற கணினிகளிலும் தானே தோன்றும். இது பெருவசதியே, எனினும் இது காப்பு ஆகாது. ஓரிடத்தில் சேர்த்தது எங்கும் சேர்வதுபோல, ஓரிடத்தில் தவறுதலாக அழித்தது எங்கும் அழியும். நிழல் ஆளோடு செல்வது. ஆள் விழுந்தால் தானும் விழுவது. ஒத்திசைவும் அத்தகையதே. தனியே எடுத்து வைத்த கோப்பே உண்மையான காப்பாகும். ஆதலின், திங்கள்தோறும் ஒருமுறை ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் நாளையும் குறித்து, கணினிக்கு வெளியே ஒரு படி வைத்தல் நன்று.

இக்கோப்பை எவரும் படிக்க முடியுமாதலால், பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள பொதுக் கணினியில் அதனை விட்டு வருதல் தகாது. மேலும், முகவரி இருப்பினும் பக்கம் மறைந்து போதல் உண்டு. அந்நிலையில், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் 1996ஆம் ஆண்டு முதல் திரட்டிவரும் பழைய பக்கங்களின் படிகளில் அதனைத் தேடிப் பார்க்கலாம். இன்றியமையாத பக்கங்களை முகவரியோடு நில்லாது, முழுமையாகவே சேமித்து வைத்தல் அறிவுடைமை.

பழைய ஓலைச்சுவடிகளைச் செல்லரிக்குமுன் புதிய ஓலைகளில் பெயர்த்தெழுதி வைத்தனர் நம் முன்னோர். ஒரு படி அழிந்தபோதும் மற்றொரு படி எஞ்சியமையாலேயே பல நூல்கள் இந்நாள்வரை வந்தெய்தின. ஓலை மாறிக் கணினி வந்துள்ளது. பேணும் கடமை மாறவில்லை. அன்று பல திங்கள் எழுத வேண்டிய பணி இன்று சில நொடிகளில் முடிகின்றது. வெள்ளம் வருமுன் அணை கோலுவதுபோல, கருவி நன்னிலையில் உள்ள நாளிலேயே தேடியவற்றைப் பெயர்த்து வைப்போர்க்குத் தேடிய உழைப்பு வீண்போவதில்லை.