ஊரார் பிள்ளை

கும்பகோணத்திலிருந்து மாயவரம் செல்லும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது திருவிடைமருதூர். அங்கே மகாலிங்க ஸ்வாமி கோயிலுக்குள் கிழக்கு வாயிலால் புகுந்தவர்கள் அவ்வழியே திரும்புவதில்லை. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி அந்த வாயிலிலேயே காத்துக் கிடக்கிறதாம். பாண்டியன் வேறு வாயிலால் வெளியேறித் தப்பினான் என்பது ஸ்தல புராணம். அந்த ஊரில் பிறந்து அந்த ஸ்வாமியின் பெயரையே தாங்கிய ஒரு குழந்தையைப் புகழ் பிடித்துக் கொண்டது. அவனுக்கு வேறு வாயில் அகப்படவில்லை.

‘மாலி’ என்று சங்கீத உலகம் கொண்டாடிய புல்லாங்குழல் டி. ஆர். மகாலிங்கத்தைத்தான் சொல்கிறேன். அவர் பிறந்தது 1926-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி. மாமா ஜால்ரா கோபாலய்யரிடம் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டிருந்த சிறுவன், குழலைத் தானாகவே எடுத்து வாசிக்கத் தொடங்கினான். 1933-ல் சென்னை மயிலாப்பூரில் தியாகராஜ உத்ஸவம் நடந்தபோது, ஏழு வயது என்று சொல்லத்தக்க அந்தப் பாலகனின் வாசிப்பைக் கேட்ட முசிரி சுப்பிரமணிய அய்யரும் பரூர் சுந்தரமய்யரும் சால்வை போர்த்திப் பாராட்டினார்கள். அத்தனை சிறிய தோளுக்கு அது எவ்வளவு பாரம் என்று சபையில் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள். நானாயிருந்தாலும் எண்ணியிருக்க மாட்டேன். எல்லோரோடும் சேர்ந்து கை தட்டியிருப்பேன்.

அன்றிலிருந்து பிள்ளை வீட்டுக்குச் சொந்தமில்லை, ஊராருக்குச் சொந்தம். பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டுக்கும் உரிய பிராயம் ரயில் வண்டியிலும் மேடையிலும் கழிந்தது. ஸ்வதந்திரம், ஸ்வதந்திரம் என்று தேசமெங்கும் முழங்கிய காலம் அது. தெருவில் இறங்கிக் கோலி விளையாடும் ஸ்வதந்திரத்துக்காக யார் முழங்குவார்கள்? ஐரோப்பாவில் மோஸார்ட்டை அவன் தகப்பனார் 1763 முதல் 1766 வரை அரசவை அரசவையாக அழைத்துச் சென்றதும் இதே கதைதான்.

வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பகோணம் சரப சாஸ்திரிகளும், அவருக்குப் பின் பல்லடம் சஞ்சீவ ராவும் வகுத்த பாணி ஒன்று ஏற்கெனவே இருந்தது. மாலி கனமான மூங்கிலை எடுத்துக்கொண்டார். விரல்களை வைக்கும் முறையையே மாற்றினார். மனிதக் குரலுக்கே உரிய கமகங்களைக் குழலில் வரவழைத்தார். திருவாரூர் என். ரமணி முதலிய சிஷ்யர்கள் அவ்வழியில் சென்றவர்கள். நான் மாலியை நேரில் கேட்டவன் அல்லன்; ஒலிப்பதிவுகளில் கேட்டவன். ஒரு ஸ்வரத்தை முடித்து அடுத்ததைத் தொடங்குமுன் அவர் விடும் மௌனம் இருக்கிறதே, அதில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பிற்காலத்து மாலியைப் பற்றி ரஸிகர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதைகள் பல. சபை நிரம்பியிருக்கும், வித்வான் வரமாட்டார். வந்தாலும் நடுவில் எழுந்து போய்விடுவார். சில நாள் அமிர்த வர்ஷம். குடியும் அவரைப் பிடித்திருந்தது, அதை மறைப்பதற்கில்லை. டிக்கெட் வாங்கிக் காத்திருந்தவரின் கோபம் நியாயமே. பக்கவாத்தியக்காரர்களின் சங்கடமோ சொல்லி முடியாது. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏழு வயதிலிருந்து அவர் சொல்லக் கூடாதென்றிருந்த ஒரே வார்த்தை ‘மாட்டேன்’ என்பது. வீணையானால் விரலோடு போயிற்று. குழலுக்குக் கொடுக்க வேண்டியது சொந்த மூச்சு. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை அம்மனிதர் காலங் கடந்து, கோணல் வழியில், திரும்ப எடுத்துக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன். 1986-ம் வருஷம் மே 31-ந் தேதி, அறுபது நிறையுமுன் காலமானார்.

இதையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கும்படி செய்தவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் தேறி வந்த ஏழாம் வகுப்புப் பையன். கடைத்தெருவில் அவன் படம் போட்ட பிளெக்ஸ் பலகை ஆளுயரத்துக்கு நின்றது. பள்ளிக்கு எந்த அதிகாரி வந்தாலும் “தம்பி, ஒரு பாட்டுப் பாடு” என்று அவனை எழுப்பி நிறுத்தியவன் நான்தான். பெருமை எனக்கு! மேட்டூர் திறந்து காவிரித் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்த வாரம், வகுப்பு முடிந்ததும் அவன் மெதுவாகச் சொன்னான்: “தண்ணி வந்து நாலு நாளாச்சு, சார். நான் இன்னும் ஆத்துல இறங்கல. போனா எல்லாரும் போன்ல படம் எடுக்கறாங்க. அப்பாவும் தொண்டை கட்டிக்கும்னு விடமாட்டேங்கறாங்க.”

ஆண்டு விழா ஜாபிதாவிலிருந்து அவன் பெயரை எடுத்துவிட்டேன். மறுநாளே தகப்பனார் வந்தார். அவர் குத்தகைக்கு உழுபவர். இரண்டு போகம் பொய்த்துக் கடனில் இருப்பவர். மகன் பாடினால்தான் வட்டியாவது கட்ட முடியும் என்ற நிலை. “பேரை எடுத்தது யாரு சார்?” என்றார். நான்தான் என்றேன். “பாடாம விட்டா ஊர் மறந்துடும் சார்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விழாவுக்குப் பையன் வரவில்லை. வெளியூரில் ஒரு கல்யாணத்தில் பாட அழைத்துப் போயிருந்தார்களாம்.