சோற்றுக் கணக்கும் சம்பளச் சிட்டையும்

ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய கண்டியில், கொழும்பு வீதி, காசல் ஹில் வீதிப் பக்கத்துக் கடைகளின் மேல்மாடியில் சரக்கு மட்டும் கிடக்காது. கடைப் பையன்களின் பாயும் தலையணையும் கிடக்கும். புடவைக் கடையோ பலசரக்குக் கடையோ சைவக் கடையோ, வழக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். புசல்லாவை, கலஹாத் தோட்டங்களிலிருந்தோ, கடல் தாண்டி இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ பையன் வந்து சேருவான். மூன்று வேளைச் சோறு, படுக்க இடம், தீபாவளிக்கு வேட்டி சட்டை. சம்பளம் முதலாளியிடமே நிற்கும். கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் அவன் பெயருக்கு ஒரு பக்கம் இருக்கும். இடையில் கைச்செலவுக்கு வாங்கியதெல்லாம் பற்று. ஊருக்குப் போகும்போது கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கொடுப்பார்கள். கொடுத்தவர்களும் உண்டு, இழுத்தடித்தவர்களும் உண்டு.

அப்போது சட்டம் எங்கே இருந்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இருந்தது. 1954இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, வருடத்தில் 14 நாள் லீவு, வேலைக்குச் சேரும் நாளிலேயே நியமன விபரம் எழுத்தில் என எல்லாம் அதில் உண்டு. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பையனைக் கடையில் வைக்கவே கூடாது என்றும் அன்று அது சொன்னது. தொழில் நியாய சபைகள் 1957இன் திருத்தத்தால் வந்தன, சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. ஆனால் கடையிலேயே தூங்கி எழுபவனுக்கு எட்டு மணி நேரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ‘வளர்த்துவிட்ட முதலாளி’யிடம் ஓவர்டைம் காசு கேட்பது வேலை நேரப் பிரச்சினை அல்ல, நன்றி கெட்ட செயல். அந்தக் காலத்தை இன்று உருகி உருகிப் பேசுபவர்கள் இந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1983 ஜூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. எரிந்த கடையோடு பேரேடும் போயிற்று. அதை மட்டும் நம்பிச் சம்பளத்தை விட்டு வைத்திருந்தவனுக்கு வேறு அத்தாட்சி ஏது? பணிக்கொடைச் சட்டம் வந்ததும் அதே வருடந்தான்: ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதுவும் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த இடமாக இருந்தால்.

இன்று கடைப் பையன்களைவிடப் பெண் பிள்ளைகள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள், கண்டி சிட்டி சென்டரிலானாலும் தெருக் கடையிலானாலும். காலையில் கலஹாவிலிருந்தும் கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பஸ்ஸில் வந்து, இரவு பஸ்ஸிலேயே திரும்புகிறார்கள். சாப்பாட்டுப் பார்சல் வீட்டிலிருந்து வருகிறது. வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது 2021இலிருந்து 16. முதலாளி வீட்டுச் சோறு போய்விட்டது. அதற்குப் பதிலாக வரவேண்டிய கடதாசி, அதாவது நியமனக் கடிதமும் சம்பளச் சிட்டையும், எல்லாக் கடைக்கும் வந்து சேரவில்லை. என் சண்டை இதோடுதான். பழைய முதலாளி சட்டத்தை மதிக்கவில்லை என்றாலும் காய்ச்சலில் படுத்தவனுக்குக் கஞ்சி கொடுத்தார். இன்றைக்குச் சில இடங்களில் இரண்டும் இல்லை.

சட்டம் அந்தச் சோற்றையும் கணக்கில் எடுத்திருந்தது என்பதுதான் வேடிக்கை. சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) ‘உழைப்பு’ எது என்று சொல்லும்போது, தொழில் தருநர் கொடுக்கும் சமைத்த, சமைக்காத உணவின் பெறுமதியையும் சேர்த்துக்கொள்கிறது. அதன்மேல் ஊழியருக்கு 8 வீதம், முதலாளிக்கு 12 வீதம். நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் இது உண்டு. 15 பேர் என்ற எல்லை இதற்கு இல்லை.

முதலாளியின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2018 மார்ச்சில் திகன, அக்குறணைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன, பிறகு கொரோனா, பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016இல் 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் 27,000. 2026 ஜனவரியிலிருந்து 30,000. முப்பதாயிரத்துக்கு ஆளை வைத்தால் முதலாளிக்கு 34,500 போகும், ஊழியர் கைக்கு வருவது 27,600. அதனால்தான் “ஈ.பி.எப். வேண்டாம், முழுசா கையில தாங்க” என்று ஊழியரே கேட்க, முதலாளியும் தலையாட்டிவிடுகிறார். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் சட்டத்தின் முன் அது செல்லாது. பல வருடம் கழித்து முறைப்பாடு போனால் நிலுவையை முதலாளி கட்டவேண்டும், அதற்கு மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். சின்னக் கடைக்காரரை உட்கார வைப்பது பல வேளைகளில் மாதச் சம்பளம் அல்ல, இந்தப் பழைய பாக்கி.

பதினைந்து பேர் என்ற எல்லை இன்னொரு கதை. பணிக்கொடை, ஆட்குறைப்புக்குத் தொழில் ஆணையாளரின் அனுமதி, 60 வயதுவரை வேலை: மூன்றுக்கும் இதே எண். பதினான்கோடு நிற்கும் கடைகளையும், பதினைந்தாவது ஆளை மச்சான் பெயரிலுள்ள பக்கத்துக் கடைக் கணக்கில் காட்டுபவர்களையும் நகரத்தில் பார்க்கலாம். பத்துப் பேர் உள்ள கடையில் இருபது வருடம் நின்ற சேல்ஸ்மேனுக்குப் பணிக்கொடைச் சட்டம் வாய் திறப்பதில்லை. அந்தச் சட்டம் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. இந்த எண்ணை இனியாவது குறைக்கலாம்.

ஆனால் வேலையை விட்டு நிறுத்தினால் சின்னக் கடைக்காரரையும் தொழில் நியாய சபைக்கு அழைக்கலாம். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போகவேண்டும். பேசிப் பார்ப்போம், பெரகரா முடியட்டும் என்று காத்திருந்தே அந்தத் தவணையைக் கோட்டை விடுகிறார்கள். சாட்சியச் சட்டத்தின் கண்டிப்பான விதிகள் அந்தச் சபையைக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால் நியமனக் கடிதம் இல்லாதவர், “நாளைக்கு வேளைக்கு வா” என்று முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும், சம்பளம் விழுந்த வங்கிச் சிட்டையையும் எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்துக் கடைக்காரர் சாட்சி சொல்ல வந்தால் அதுவும் சரி.