பாத்ரூம் ஃபால்ஸ் சீலிங்கை மாற்றப் போறீங்களா?

சீலிங்கில் பழுப்புக் கறை, தொங்கல், பூஞ்சை வாடை தெரிகிறதா? ஜிப்சம் போர்டு ஈரத்தை உறிஞ்சும். அதன் மேலுள்ள காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். பெயின்ட் அடித்தால் கறைதான் மறையும், கசிவு நிற்காது.

முதலில் கசிவை நிறுத்துங்க: மேல்வீட்டு பாத்ரூமா, பைப் இணைப்பா, மொட்டை மாடியா என்று பிளம்பரை வைத்துப் பாருங்க. அபார்ட்மென்ட் என்றால், கறையை போனில் படம் எடுத்து மேல்வீட்டுக்காரரிடமும் சங்கத்திடமும் காட்டுங்க. கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகே புது சீலிங்.

கழற்றும் முன் மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்க. கீசர், எக்ஸாஸ்ட் ஃபேன் வயர்கள் சீலிங்குக்கு மேலே போகலாம். வேலை செய்பவருக்கு மாஸ்க் அவசியம். பழைய வீட்டில் இருப்பது சிமென்ட் ஷீட் என்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். அந்தத் தூசி நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

புதுசுக்கு பிவிசி பேனல் அல்லது ஈரம் தாங்கும் பச்சை நிற ஜிப்சம் போர்டு பொருந்தும். பைப் இணைப்புக்குக் கீழே திறந்து பார்க்கச் சிறு கதவு வைக்கச் சொல்லுங்க. அடுத்த கசிவுக்கு சீலிங்கையே உடைக்க வேண்டியிருக்காது.

இடிபாட்டைத் தெருவோரமோ கால்வாயிலோ கொட்டாதீங்க. மழை நேரத்தில் வடிகால் அடைத்துக்கொள்ளும். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்க. மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தை அணுகுங்க.