துளைவளையமும் உணரியும்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனித்தடம் உண்டு. மாலை மழையில் அங்கே முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சறுக்கி விழுதல் எளிது. அதனைத் தடுப்பதே 'ஏ.பி.எஸ்.' என்னும் பூட்டுத்தடுப்புப் பிரேக்கு. 1988இல் பி.எம்.டபிள்யூ. கே100 வண்டியில் மின்னணு முறையில் அது முதன்முதல் அமைந்தது.

சக்கரத்தோடு சுழல்வது துளைவளையம். ஃபோர்க்குக் காலில் அசையாதிருப்பது உணரி. துளைகள் கடக்கும் விரைவை உணரி அறிவிக்கும். சக்கரம் திடுமெனச் சுழற்சி இழந்தால், கட்டுப்பாட்டுக் கருவி பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பன்முறை குறைத்துக் கூட்டும்.

ஆதலின் எண்ணெய் கசியும் ஃபோர்க்கின் ஆயில் சீலை மாற்றுவோர் மூன்று செய்திகளைக் கருதல் வேண்டும். முதலாவது, உணரியின் கம்பியை இழுக்காமல் கழற்றி ஒதுக்குதல். இரண்டாவது, திரும்பப் பூட்டுகையில் வளையத்துக்கும் உணரிக்கும் உரிய இடைவெளி. பெரும்பாலும் அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. மூன்றாவது, வேறு வண்டியின் ஃபோர்க்கையோ சக்கரத்தையோ மாட்டினால், உணரியின் இருக்கையும் துளைகளின் எண்ணிக்கையும் டயரின் சுற்றளவும் ஒத்திருத்தல். இன்றேல் கணக்குப் பிழைக்கும்.

வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், வண்டி சற்றே ஓடியதும் அணையும். அணையாவிடில் பிரேக்கு பிடிக்கும், ஆனால் பூட்டுத்தடுப்பு இராது. மழை வருமுன் அதனைச் சீர்செய்வதே அறிவுடைமை.